தண்டனையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், புகார் கொடுக்கப் போகிற பெண்ணுக்கு என்ன மாறியிருக்கிறது?

நிலா_தஞ்சை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவள், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். மனசு சரியில்லை, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணோடு, வன்புணர்வுப் புகார் கொடுக்க மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த நிலையம், அவள் யார் என்று எதுவும் இங்கே வராது, தயவுசெய்து யாரும் கேட்கவும் வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம், எஃப்ஐஆர் போட்டு முடிக்கும்போது ராத்திரி பன்னிரண்டு தாண்டிவிட்டது. அதற்குள் அவள் நடந்ததை நாலு பேரிடம் நாலு தடவை சொல்லியிருந்தாள். முதலில் முன்னால் உட்கார்ந்திருந்த கான்ஸ்டபிள், அப்புறம் ரைட்டர், அப்புறம் எஸ்ஐ, கடைசியில் இன்ஸ்பெக்டர். நாலு பேரும் பெண்கள்தான். நாலு பேரும் கேட்ட முதல் கேள்வி, "அந்த நேரத்துல அங்க ஏம்மா போன?" மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது, ஏதோ மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாதிரி. அப்புறம் "தெரிஞ்ச பையன்தானே, ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உக்காந்து பேசிப் பாருங்க, நாளைக்கு உனக்கும் கல்யாணம் ஆகணும்" என்றார்கள். புகார் வந்தது என்று மட்டும் சொல்கிற ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து நாளைக்கு வரச் சொன்னார்கள். என் தம்பியின் நண்பர் ஒரு வக்கீல், அவர் போனில் பேசிய பிறகுதான் எஃப்ஐஆர் என்ற பேச்சே வந்தது.

வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் படித்துக்கொண்டே இருந்தேன். 2013ல் சட்டம் கடுமையாக்கினார்கள். 2018ல் 12 வயதுக்குக் கீழே என்றால் மரண தண்டனை வரை என்றார்கள். 2025 ஜனவரியில் நம் சட்டப்பேரவையில் குறைந்தபட்ச தண்டனையைப் பத்து வருஷத்திலிருந்து பதினான்கு ஆக்கி மசோதா நிறைவேற்றினார்கள். ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பார்த்தால், 2022ல் மட்டும் நாடு முழுக்க 31,516 வன்புணர்வு வழக்குகள் பதிவாகியிருக்கின்றன, விசாரணை முடிந்த வழக்குகளில் தண்டனை கிடைத்தது 2018 முதல் 2022 வரை பெரும்பாலான வருஷங்களில் நூற்றுக்கு 27, 28 என்ற அளவிலேயே இருந்தது. அப்படியென்றால் கூட்டிய தண்டனையெல்லாம் யாருக்குப் போய்ச் சேருகிறது?

என் கேள்வி இரண்டு. சட்டத்தில் இன்னும் எதை மாற்ற வேண்டும், அதைக் கையாள்கிறவர்களிடம் எதை மாற்ற வேண்டும்? இன்னொன்று, இந்தப் பெண்ணுக்கு அடுத்து என்ன நடக்கும், நாங்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு எழுதியது:

சகோதரி, நான் மகிளா நீதிமன்றத்தில் பதினோரு வருஷமாக இந்த வழக்குகள் நடத்துகிறேன், இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விதான் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குற்றத்துக்கு சிஎஸ்ஆர் என்பதே கிடையாது. புகார் வந்தால் எஃப்ஐஆர் போட வேண்டும், லலிதா குமாரி வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லை எங்களுடையது இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்ஐஆர் போட்டு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். வன்புணர்வுப் புகாரைப் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 199வது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 166ஏ. அவளைத் திரும்பத் திரும்ப நிலையத்துக்கு வரவழைத்தால் போகாதீர்கள், அவள் வீட்டிலோ அவள் சொல்கிற இடத்திலோ பெண் அதிகாரி வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கலாம். அடுத்து மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம், புதிய நடைமுறைச் சட்டத்தின் 183வது பிரிவுப்படி, இன்னும் ஆகவில்லை என்றால் நாளைக்கே விசாரணை அதிகாரியை நெருக்குங்கள். நாள் தள்ளத் தள்ள ஊர்ப் பெரியவர்கள் வீட்டு வாசலில் வந்து உட்காருவார்கள், அதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

அந்த "பேசிப் பாருங்க" பற்றிச் சொல்ல வேண்டும். இது நிலையத்தோடு நிற்கிற வியாதி இல்லை. 2015ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கில், தண்டனை பெற்றவர் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று இடைக்கால ஜாமீன் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் உச்ச நீதிமன்றம் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில், வன்புணர்வில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அடித்துச் சொன்னது, அதன் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2020ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், சீண்டியவன் அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஜாமீன் நிபந்தனை போட்டது. அதை எதிர்த்து அபர்ணா பட் என்ற வழக்கறிஞரும் வேறு சிலரும் போனதில்தான், 2021 மார்ச்சில் நீதிபதிகள் எப்படிப் பேசக் கூடாது, எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது. நீதிபதிக்கே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு எஸ்ஐ எப்படிப் பேசுவார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டால் எது மாறவில்லை என்பதும் தெரியும். 1972ல் மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமியை இரண்டு போலீஸ்காரர்கள் சிதைத்தார்கள். மதுரா வழக்கு என்பார்கள். 1978ல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, கத்தவில்லை, அதனால் சம்மதித்துத்தான் இருப்பாள் என்பது வாதம். நடுராத்திரி, போலீஸ் நிலையம், வெளியே சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், உள்ளே யூனிஃபார்ம் போட்டவன், அவள் எப்படிக் கத்துவாள்? உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்று நாலு சட்ட ஆசிரியர்கள் 1979ல் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள், அது பெரிய போராட்டமாகி 1983ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றே தொடங்க வேண்டும் என்பதும், பெயரை வெளியிடக் கூடாது என்பதும், மூடிய அறையில் விசாரணை என்பதும் அப்போது வந்தவைதான். எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது என்பது எழுத்தில் வர 2013 ஆனது.

ஆக எழுத்தில் வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் குறுக்கு விசாரணையில் முதல் அரை மணி நேரம் "ஏன் கத்தவில்லை, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, மறுநாள் ஏன் வேலைக்குப் போனாய்" என்றுதான் ஓடுகிறது. அவளுடைய முந்தைய வாழ்க்கையைத் தோண்டக் கூடாது என்று சாட்சியச் சட்டமே தடுக்கிறது, சுற்றி வளைத்துக் கேட்பார்கள், அரசு வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபம் சொன்னால்தான் நீதிபதி தடுப்பார், பிபி என்கிற அந்த அரசு வழக்கறிஞர் கையில் அன்றைக்கு எட்டு வழக்குக் கட்டு இருக்கும், அவர் இந்தக் கட்டையே அன்று காலையில்தான் பிரித்திருப்பார். என்னைக் கேட்டால் சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். பிபி அவளைச் சாட்சிக் கூண்டில்தான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்ற நிலைமை மாற வேண்டும்.

பாஸ்கர்_மதுரை எழுதியது:

சட்டம் பிரிவு எல்லாம் சரி சார், ஆனா நான் வெளிப்படையாச் சொல்றேன், எனக்கு ரெண்டு பொண்ணுங்க. இந்த மாதிரி செஞ்சவனுக்கு விசாரணை, வாய்தா, ஜாமீன் எல்லாம் எதுக்கு? ஆறு மாசத்துல தூக்கு. நிர்பயா வழக்குல கூட ஏழு வருஷம் கழிச்சுத்தானே தூக்குல போட்டாங்க. 2019ல ஹைதராபாத்ல பிடிச்ச நாலு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்னதுதான் சரின்னு நான் அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். பயம் வரணும்.

கருப்புக்கோட்டு எழுதியது:

பாஸ்கர் அண்ணே, உங்கள் கோபத்தில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஹைதராபாத் என்ன ஆனது என்று முழுக்கப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் போட்ட சிர்புர்கர் ஆணையம், கொல்ல வேண்டும் என்றே சுட்டிருக்கிறார்கள் என்று 2022ல் சொல்லிவிட்டது. செத்துப்போன நாலு பேர்தான் செய்தார்களா என்று எந்த நீதிமன்றமும் இனிமேல் சொல்லவே முடியாது. அதே மாதிரிக் காவல் நிலையம் ஒன்றுக்குள்தான் மதுரா வழக்கு நடந்தது. யாரைக் கொல்லலாம் என்று முடிவெடுக்கிற அதிகாரத்தை அந்தக் கையில் கொடுக்கலாமா?

தூக்கு விஷயத்திலும் ஒன்று. பதிவாகிற வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவன் அவளுக்குத் தெரிந்தவன். மாமா, பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை செய்கிறவன், காதலித்தவன். சித்தப்பாவுக்குத் தூக்கு என்றால் வீட்டில் பாட்டியே அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்துவாள். நானே பார்த்தேன், அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்று பிறழ் சாட்சியாக நின்றபோது அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிர்பயாவுக்குப் பிறகு அமைத்த நீதிபதி வர்மா குழு 29 நாளில் அறிக்கை கொடுத்தது. நாடே தூக்கு கேட்ட நேரத்தில் கொடுத்த அறிக்கை, அதில் மரண தண்டனை வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். குறைந்தபட்ச தண்டனையைக் கூட்டினால் சில நீதிபதிகள் சந்தேகத்தின் பலனை இன்னும் தாராளமாகக் கொடுக்கிறார்கள் என்பதும் என் அனுபவம்.

பயம் வருவது மாட்டிக்கொள்வோம் என்பதில்தான். பொள்ளாச்சி வழக்கு 2019ல் வெளியே வந்தது, 2025 மே 13ல் கோவை மகிளா நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை என்றது, எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் இழப்பீடு. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை, என் தொழிலில் இது எவ்வளவு அபூர்வம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அண்ணா பல்கலைக்கழக வழக்கு 2024 டிசம்பரில் நடந்தது, 2025 ஜூன் 2ல் தண்டனை அறிவித்தார்கள், முப்பது வருஷம் கழியாமல் வெளியே வர முடியாத ஆயுள். ஒன்றுக்கு ஆறு வருஷம், இன்னொன்றுக்கு ஐந்து மாதம். இரண்டும் ஊரே பார்த்துக்கொண்டிருந்த வழக்குகள். யாரும் பார்க்காத வழக்கில் வாய்தா மேல் வாய்தா போகிறது. இரண்டிலும் பெண்ணின் அடையாளம் போலீஸ் பக்கமிருந்தே வெளியானது என்பதையும் மறக்கக் கூடாது, இரண்டு தடவையும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் கொடுக்கச் சொன்னது.

வெள்ளைச்சேலை எழுதியது:

நான் அரசு மருத்துவமனை கேசுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸ். நிலா அக்கா, ஆஸ்பத்திரிப் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் விஷயம், போலீஸ் கடிதம் இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று எந்த டாக்டர் சொன்னாலும் தப்பு. நேரே வரலாம், விபத்துப் பதிவேட்டில் ஏஆர் என்ட்ரி போட்டுப் பரிசோதனையைத் தொடங்க வேண்டும், நிலையத்துக்கு நாங்கள் தகவல் சொல்லுவோம். தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாக முதலுதவி செய்துதான் ஆக வேண்டும், மறுத்தால் அதற்கே ஒரு வருஷம் வரை சிறை இருக்கிறது. 96 மணி நேரத்துக்குள் வந்தால் சாம்பிள் எடுக்க முடியும், எச்ஐவி தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்குவதுதான் நல்லது. அதனால்தான் அந்த எட்டு மணி நேரத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவளை முதலில் எங்களிடம் அனுப்பியிருக்க வேண்டும். குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருப்போம், பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரத்தில் எல்லாம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள்.

அப்புறம், உடலுறவுக்குப் பழக்கமானவளா என்று விரல் விட்டுப் பார்க்கிற அந்த இரண்டு விரல் சோதனை. 2013ல் உச்ச நீதிமன்றம் தப்பு என்றது, 2014ல் சுகாதார அமைச்சகம் வேண்டாம் என்று வழிகாட்டி போட்டது, 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உடனே நிறுத்தச் சொன்னது, அதே அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இனி செய்கிற டாக்டர் மேல் ஒழுங்கு நடவடிக்கை என்றது. ஒரு விஷயத்தை இத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் பயிற்சியில் இருந்தபோது அந்தப் படிவத்தில் "பழக்கப்பட்டவர்" என்று எழுதுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு சொல் கோர்ட்டில் அவளை என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏதாவது கேட்டிருப்பேனோ என்று இப்போதும் நினைப்பேன்.

காயம் இல்லை என்று ரிப்போர்ட்டில் வந்தால் பயப்பட வேண்டாம். நிறைய பேருக்குக் காயம் இருக்காது. பயத்தில் உடம்பு மரத்துப்போகும், அது எங்களுக்குத் தெரியும். அதை டாக்டர் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும், ஆனால் டாக்டர் மாற்றலாகி நாலு மாவட்டம் தள்ளிப் போயிருப்பார், சம்மன் போகாது, இல்லை டூட்டி விட மாட்டார்கள். இதையும் உங்கள் மாற்ற வேண்டியதில் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்.

அரூர்ப்பக்கம் எழுதியது:

நான் வாச்சாத்திக்குப் பக்கத்து ஊர். சின்னப் பையனாக இருந்தபோது நடந்தது, ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நின்றதே இல்லை.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று ஊருக்குள் புகுந்தார்கள். ஆலமரத்தடியில் ஊரைக் கூட்டி உட்காரவைத்து, அதிலிருந்து 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோனார்கள். அப்புறம் வீடுகளை நொறுக்கினார்கள், பெண்களையே சந்தனக் கடத்தல் கேஸில் சேலம் ஜெயிலில் போட்டார்கள். புகார் கொடுக்க எங்கே போவார்கள், செய்தவர்களே போலீஸ். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், 1995ல் சிபிஐ வந்து, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். 2011 செப்டம்பர் 29ல் தருமபுரி நீதிமன்றம் மீதி 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 17 பேர் மேல் வன்புணர்வு. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு வருஷம். நீதிபதி வேல்முருகன் 2023ல் ஊருக்கே நேரில் வந்து பார்த்துவிட்டு அதே செப்டம்பர் 29ல் தண்டனையை உறுதி செய்தார். ஆளுக்குப் பத்து லட்சம் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வாங்கு, அன்றைய கலெக்டர், எஸ்பி, மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடு என்றார்.

31 வருஷம். அந்தப் பெண்களில் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் இருந்தாள், தீர்ப்பு வரும்போது நாற்பது தாண்டிவிட்டது. இத்தனையிலும் அவர்கள் பேச்சை மாற்றவில்லை. அடையாள அணிவகுப்பில் நின்று இவன்தான் இவன்தான் என்று காட்டினார்கள். தனியாக விட்டிருந்தால் முடிந்திருக்காது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட ஆட்கள் போனார்கள், பஸ் காசு, சாப்பாடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று எல்லாம் யாரோ செய்தார்கள். வக்கீல் சாரிடம் ஒன்று கேட்கிறேன், கூட வருகிற ஆளை அரசாங்கமே ஏற்பாடு செய்து சம்பளம் கொடுத்தால் என்ன? நீதிமன்றத்துக்கு வருகிற ஏழைப் பெண்ணுக்கு அன்றைய கூலி போகிறது, அதைக்கூட யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தேன்மொழி_கி எழுதியது:

சட்டத்தில் மாற்ற எதுவும் இல்லை என்கிற மாதிரி பேச்சு போகிறது, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெண்கள் உதவி மையத்தில் ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன். அடி, உதை என்று வருகிற மனைவிகளிடம் மெதுவாகப் பேசினால் பாதிப் பேர் கடைசியில் சொல்வது ராத்திரி நடப்பதைத்தான். "இதுக்குக் கேஸ் போடலாமாக்கா?" என்று கேட்டால் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது என்று சொல்வேன், அதற்கு மேல் வாய் வராது. புதிய தண்டனைச் சட்டத்தில் வன்புணர்வைச் சொல்கிற 63வது பிரிவில் கணவனுக்கு விதிவிலக்கு அப்படியே இருக்கிறது. வர்மா குழு எடுக்கச் சொன்னது, 2013ல் எடுக்கவில்லை, 2024 ஜூலையில் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோதும் எடுக்கவில்லை. 2017ல் உச்ச நீதிமன்றம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள மனைவிக்கு மட்டும் பாதுகாப்புக் கொடுத்தது. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2024ல் மத்திய அரசு, மனைவி விஷயத்தில் வன்புணர்வு என்று சொல்வது மிகக் கடுமை என்று உச்ச நீதிமன்றத்தில் பதில் போட்டது. தாலி கட்டிய அன்றைக்கே அவள் வாழ்நாள் முழுக்கச் சம்மதித்துவிட்டாள் என்று ஒரு சட்டம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதே சமூகத்திலிருந்து வருகிற இன்ஸ்பெக்டர் "கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்" என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நிலா_தஞ்சை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வாச்சாத்தி வந்தபோது மட்டும் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னாள். நர்ஸ் தங்கை, துணியை அவள் துவைக்கவில்லை, காகிதத்தில் சுற்றி ஒப்படைத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம் என்று தகவல் வந்திருக்கிறது. நான் உள்ளே கூட இருக்க முடியுமா என்று கேட்கிறாள், வக்கீல் சார் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு எழுதியது:

உள்ளே நீங்கள் இருக்க முடியாது, போலீஸும் இருக்க முடியாது, அது அவளுக்கு நல்லது. பெண் மாஜிஸ்ட்ரேட் எழுத வேண்டும், இல்லாத இடத்தில் ஆண் மாஜிஸ்ட்ரேட் ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொண்டு எழுதுவார். காலையில் சாப்பிட்டுவிட்டு வரட்டும், காத்திருக்க நேரமாகும். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லட்டும், யாரும் சொல்லிக்கொடுத்ததைச் சேர்க்க வேண்டாம், அழுகை வந்தால் நிறுத்தித் தண்ணீர் கேட்கலாம். எழுதியதைக் கையெழுத்துக்கு முன் முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லலாம், ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் திருத்தச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் கதவுக்கு வெளியே, அவள் வெளியே வந்ததும் பார்க்கிற இடத்தில் உட்காருங்கள். அரூர்ப்பக்கம் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குத் தனியாக எழுதுகிறேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இடைக்கால இழப்பீட்டுக்கு மனுப் போட வேண்டும், எஃப்ஐஆர் நகலோடு திங்கட்கிழமை வாருங்கள், நானே எழுதித் தருகிறேன்.